நைனாவின் தொண்டைக்குள் ஒரு குழாய்

"ஏன்டி, நீ படிச்ச படிப்பு உங்க நைனாவுக்கு ஒரு வாய் சோத்த எறக்குமா?"

மீன் கூடையைத் தலையிலிருந்து இறக்கி வைத்துக்கொண்டே அத்தை கேட்டாள். அவள் நைனாவின் அக்கா. திருக்கழுக்குன்றம் வரை போய் மீன் விற்றுவிட்டு வருகிறவள். தெருத்தெருவாகக் கூவிப் பழகிய குரல், வீட்டுக்குள் பேசும்போதும் தணியாது. மாமல்லபுரம் பள்ளியில் எஸ்.எஸ்.எல்.சி. தேறியிருந்தேன். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் பள்ளிக்கூடத்துக்குள் போனதில்லை. அதில் எனக்குக் கர்வம் நிறையவே இருந்தது. பதில் தெரியாத கேள்வி வந்தால் வாயை மூடிக்கொண்டு நிமிர்ந்து நிற்பது என் வழக்கம்.

நைனா சுவரோரம் உட்கார்ந்திருந்தார். எதிரே தட்டில் சோறு காய்ந்துகொண்டிருந்தது. ஒரு வாய் போட்டு, மென்று, மென்று, தண்ணீர் குடித்து, பிறகு எழுந்து வெளியே போய்த் துப்பிவிட்டு வந்திருந்தார். நானும் அத்தையும் அதைப் பார்க்காத மாதிரி இருந்தோம்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, சதுரங்கப்பட்டினம் போகும் கரையில் இருக்கிறது எங்கள் குப்பம். அங்கே தொண்டையில் எது நின்றாலும் அது மீன் முள்தான். முள்ளுக்கு வைத்தியமும் எல்லாருக்கும் தெரியும். சோற்றைக் கெட்டியாக எலுமிச்சம்பழம் அளவுக்கு உருட்டி, மெல்லாமல் அப்படியே விழுங்க வேண்டும். உருண்டை முள்ளைத் தள்ளிக்கொண்டு போய்விடும். போகாவிட்டால் இன்னொரு உருண்டை. நடக்கத் தொடங்கிய பிள்ளைக்குக்கூட இப்படித்தான் கொடுப்போம்.

நைனாவுக்கும் அப்படித்தான் ஆரம்பித்தது. காரப்பொடி மீன் சாப்பிட்ட அன்று நெஞ்சுக்குழிக்கு மேலே ஏதோ நிற்கிறது என்றார். உருண்டை விழுங்கினார், இறங்கியது. அடுத்த வாரம் மறுபடியும் நின்றது. சதுரங்கப்பட்டினத்தில் முள்ளுக்கு மந்திரிக்கிற ஒருவரிடம் அத்தை கூட்டிப் போனாள். அவர் தொண்டையைத் தடவி, ஊதி, "எறங்கிட்ச்சி, போ" என்றார். முள் என்று ஒன்று இருந்திருந்தால் அது எப்போதோ இறங்கியிருக்கும். மழைக்காலம் முடிவதற்குள் நைனாவுக்குச் சோறு இறங்கவில்லை, பிறகு குழைத்த சோறும் இறங்கவில்லை. தோள் எலும்பு சட்டை மாட்டும் ஆணி மாதிரி துருத்திக்கொண்டு வந்தது. கட்டுமரத்தைத் தள்ளும்போது கூட வந்த ஆட்கள் அவரைத் துடுப்பை மட்டும் எடுத்து வரச் சொன்னார்கள். அது அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன்.

நான்தான் அவரைச் செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். அம்மா நான் கைக்குழந்தையாக இருக்கும்போதே இறந்துவிட்டாள். வேறு யாரும் வரவில்லை. எங்கள் ஆட்கள் ஆஸ்பத்திரி என்றாலே பின்வாங்குவார்கள். உள்ளே போனவர்களைத் துணியில் சுற்றித்தான் தருவார்கள் என்று ஒரு பேச்சு இருந்தது.

அங்கே நைனாவுக்குச் சுண்ணாம்புத் தண்ணீர் போல வெள்ளையாக ஒன்றைக் குடிக்கக் கொடுத்து, அது இறங்கும்போதே படம் எடுத்தார்கள். வார்டில் இருந்த இளம் டாக்டர் அந்தப் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். மேலே அகலமாக வந்த வெள்ளைக் கோடு ஓரிடத்தில் நூலாக இளைத்து, பிறகு கீழே போனது.

"இங்கதான் பெரியவரே, சதை வளர்ந்து பாதையை அடைச்சிருக்கு" என்றார் டாக்டர்.

நைனா கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "முகத்துவாரம் தூந்துபோன மாதிரி கீது."

டாக்டருக்குப் புரியவில்லை. நான் சொன்னேன். எங்கள் பக்கம் கழிமுகத்தில் மணல் ஏறி ஆற்று வாயை அடைத்துவிடும், உள்ளே தண்ணீர் தேங்கி நிற்கும், ஆட்கள் சேர்ந்து மணலை வெட்டி விட்டால்தான் கடலுக்குப் போகும் என்று.

"அதேதான்" என்றார் டாக்டர். "ஆனா இதை வெட்ட முடியாது. ரொம்பப் பரவிடுச்சு. ரெண்டு வழி இருக்கு. வயித்துல ஓட்டை போட்டு, அது வழியா கஞ்சி ஊத்தலாம். இல்லேன்னா வாய் வழியா விளக்கு வெச்ச குழலை உள்ள விட்டுப் பார்த்து, அடைப்புக்குள்ள ஒரு சின்ன பிளாஸ்டிக் குழாயைச் சொருகி வைக்கலாம். அது அங்கேயே இருக்கும். அது வழியா சாப்பாடு இறங்கும்."

"வயித்துலயா ஊத்துவாங்க?" நைனா என்னைப் பார்த்துக் கேட்டார், ஏதோ நான் சொன்னதைப் போல. "அப்போ வாயி இன்னாத்துக்குக் கீது? பொணத்துக்குக் கூட வாயிலதான போடறாங்க. எனக்கு வாயால துன்னணும்."

அவர் கேட்டது அவ்வளவுதான். அதற்குப் பிறகு நான் ஓடியதும் அதற்காகத்தான். நைனா தன் வாயால் சாப்பிட வேண்டும்.

குழாயால் நோய் போகாது, சொருகும்போது உள்ளே கிழிந்துவிடவும் கூடும் என்று டாக்டர் என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார். அவர் ஒளிக்கவில்லை. நான் திரும்பி வந்ததும் நைனா, "வெட்டிவுட்டாலும் அப்பால தூந்துடும், இல்ல?" என்றார். முகத்துவாரத்தைச் சொல்கிறவர் போலத்தான் சொன்னார். நானும், "தூந்துடும் நைனா, ஆனா கொஞ்ச நாளு தண்ணி போவும்" என்றேன். அதற்கு மேல் அதைப் பற்றி நாங்கள் ஒருபோதும் பேசவில்லை.

சேதி கேட்டு அத்தை மட்டும் ஒரு தடவை வந்தாள். வார்டு வாசலைத் தாண்டாமலே நின்றுகொண்டு கத்தினாள். "கொல்லைக்குப் போடற பைப்ப மனுசன் தொண்டையில போடுவாங்களா? யாருடி உனக்குச் சொன்னது? கூட்டிகினு வாடி வூட்டுக்கு!"

"போட்டா எறங்கும் அத்த."

"எறங்கலன்னா?"

"அப்போ நீ வந்து கேளு."

அவள் சேலைத் தலைப்பை உதறிக்கொண்டு பேருந்து நிலையம் பக்கம் போனாள். நான் சரி என்று டாக்டரிடம் சொல்லிவிட்டேன்.

ஆண்கள் வார்டில் பெண்களைத் தங்க விடமாட்டார்கள். வெளியே நீளமான நடையில் மற்ற நோயாளிகளின் வீட்டுப் பெண்கள் கூட்டமாக இருந்தார்கள். மதுராந்தகம் பக்கத்து ஆட்கள், ஊரப்பாக்கத்து ஆட்கள் என்று ஒவ்வொரு கும்பலுக்கும் ஒரு தூண். எல்லாரும் தூக்குவாளியைத் திறந்து பங்கு போட்டுச் சாப்பிடுவார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். "சாப்ட்டாச்சு" என்றேன் ஒவ்வொரு முறையும். உண்மையில் சாப்பிட்டிருக்க மாட்டேன். வெறுங்கையோடு வந்து கை நீட்டுகிறவளாக என்னை யாரும் பார்க்கக் கூடாது என்று இருந்தது. ஒரு தூணும் எனக்கென்று இல்லாமல், ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்திருந்தேன். ரயில் போகும் சத்தம் ஏரிப் பக்கமிருந்து வரும். பிறந்ததிலிருந்து அலைச் சத்தம் இல்லாமல் நான் தூங்கியதில்லை. அங்கே தூக்கம் வந்ததும் சட்டென்று விழித்துக்கொள்வேன், கடல் நின்றுபோனது போல.

குழாய் வைத்த மறுநாள் என்னை உள்ளே விட்டார்கள். நைனா சாய்ந்து உட்கார்ந்திருந்தார். குரல் கரகரத்திருந்தது. நர்ஸ் ஒரு டம்ளரில் ஆறிய டீ கொடுத்தார். நைனா அதை வாயில் வைத்துக்கொண்டு வெகுநேரம் விழுங்காமல் இருந்தார். பயந்தாரோ என்னவோ. பிறகு விழுங்கினார். கையை நெஞ்சின் மேல் வைத்து, உள்ளே அது போகிற வழியை விரலால் பின்தொடர்வது போலக் கீழே கொண்டுவந்தார்.

"எறங்குது" என்றார்.

நான் நடைக்கு வந்து தூணைப் பிடித்துக்கொண்டு அழுதேன். யாருடைய தூண் என்று பார்க்கவில்லை. அன்று என்னைச் சாப்பிடக் கூப்பிட்ட ஒரு பெண்ணிடம் இரண்டு இட்லி வாங்கிச் சாப்பிட்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகு எல்லாம் புதுப் பழக்கம். கயிற்றுக் கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குக் கீழே செங்கல் வைத்து உயர்த்தினேன். மட்டமாகப் படுத்தால் சாப்பிட்டது மேலே வந்துவிடும். குனியக் கூடாது, அதனால் வலை இழுக்கவும் கட்டுமரம் தள்ளவும் முடியாது. கஞ்சி, துணியில் வடித்த மீன் சாறு, கடைந்த கீரை. ஒவ்வொரு முறை சாப்பிட்ட பிறகும் சோடா குடிக்க வேண்டும். அந்த நுரை குழாயைக் கழுவிவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

சோடாதான் குப்பத்துக்குப் பெரிய வேடிக்கை. நைனா வாசலில் உட்கார்ந்து கோலி சோடாவைக் குடித்துவிட்டு, நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி ஏப்பம் விடுவார். வலையைத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் நின்றுவிடுவார்கள்.

"இன்னா அண்ணாத்த, சோடா மட்டும் வந்துகீது, சரக்கு எங்க?"

"அத நீ குடிச்சிட்ட, நான் ஏப்பம் வுடறேன், போடா."

அவர் சிரிக்கும்போது நானும் சிரிப்பேன். ஆனால் ஆட்கள் போனதும் கரை வெறிச்சோடிவிடும். வெயில் ஏறும்வரை அவர் அங்கேயே உட்கார்ந்து, எந்தக் கட்டுமரம் கடலில் எங்கே நிற்கிறது என்று பார்த்துக்கொண்டிருப்பார். நான் உள்ளே இருந்து அவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். என்னோடு படித்த பெண்கள் கல்யாணமாகிப் போய்விட்டார்கள். குப்பத்துப் பெண்கள் என்னோடு பேசுவதை நிறுத்தியிருந்தார்கள். நான் அவர்களோடு மீன் விற்கப் போகவில்லை, வேறு வேலைக்கும் போகவில்லை. என்ன கேட்பது என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

நான் மீன் வறுப்பதை விட்டிருந்தேன். நைனாவால் சாப்பிட முடியாததன் வாசனை வீட்டில் இருக்கக் கூடாது என்று நினைத்தேன். வீட்டின் பின்னால் நின்று ஊறுகாயோடு பழையது சாப்பிடுவேன். ஒரு நாள் அவர் கூப்பிட்டார்.

"இன்னாத்துக்கு நீ மீன் ஆக்கறதில்ல?"

"புடிக்கல."

"ஐய, பொய் சொல்லிகினு நிக்காத. கடற்கரையில பொறந்த பொண்ணுக்கு மீன் புடிக்கலையாம். போ, சங்கரா வாங்கிகினு வா. வறு. என் எதுருல குந்திகினு துன்னு. நான் பாக்கறேன்."

வறுத்தேன். அவர் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டேன். முள்ளைப் பிரித்து எடுப்பதைக் கவனித்துக்கொண்டே இருந்தார். "அந்த வயித்துப் பக்கம் வுட்டுட்ட பாரு, அதாண்டி ருசி" என்றார். அவர் சொன்ன பக்கத்தை எடுத்துத் தின்றேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் இரண்டு பேர் சாப்பாட்டை ஒருத்தி சாப்பிட்டாள்.

சோடா வாங்க நான் மாமல்லபுரம் போக வேண்டும். கல் செதுக்குகிறவர்களின் பட்டறைகளைத் தாண்டி, வெளியூர்க்காரர்களுக்காகக் கடை வைத்திருந்த ஒருவரிடம் காலி பாட்டில்களைக் கொடுத்துவிட்டு நிரம்பியவற்றைச் சாக்கில் கட்டி எடுத்து வருவேன். அப்படிப் போன ஒரு முற்பகலில்தான் அது நடந்தது.

நான் திரும்பி வந்தபோது வாசலில் ஆட்கள் நின்றிருந்தார்கள். நைனா முன்னால் சாய்ந்து, வாயை மூட முடியாமல், ஒரு கொட்டாங்கச்சியில் எச்சிலை விட்டுக்கொண்டிருந்தார். எச்சில்கூட உள்ளே இறங்கவில்லை. கண்கள் சிவந்து பிதுங்கியிருந்தன. அத்தை அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். அவள் கையில் உருட்டிய சோறு இருந்தது.

நடந்ததை அவள் வாயிலிருந்து பிடுங்கித்தான் தெரிந்துகொண்டேன். தம்பி வெறும் தண்ணியாகக் குடித்தே இளைக்கிறான் என்று, சோற்றையும் மீனையும் நன்றாகப் பிசைந்து ஊட்டியிருக்கிறாள். அவரும் ஆசையாக வாங்கிக்கொண்டிருக்கிறார். நின்றுவிட்டது. நின்றால் என்ன செய்ய வேண்டும் என்று எங்கள் கரையில் யாருக்குத்தான் தெரியாது? உருண்டை பிடித்து விழுங்க வைத்திருக்கிறாள். அதுவும் நின்றது. இன்னொன்று. இப்போது கையில் இருந்தது மூன்றாவது.

"போட்டுடு அத்த, கீழ போட்டுடு அத்த!"

"தள்ளிகினு பூடும்டி..."

"அங்க முள்ளு இல்ல. குழாய் கீது. குழாய்க்குள்ள சோத்த சோத்தால தள்ளினா இன்னும் இறுகிடும்."

சோடாவை உடைத்து ஒரு மடக்கு கொடுத்தேன். அப்படியே நுரையோடு வாயாலும் மூக்காலும் திரும்பி வந்தது.

பேருந்துக்குக் காத்திருக்க முடியவில்லை. கரைக்கு மீன் ஏற்ற வந்திருந்த லாரி ஒன்று செங்கல்பட்டு வழியாகப் போகிறது என்றார்கள். ஓட்டுநர் நைனாவை முன்னால் உட்கார வைத்தார். நான் பக்கத்தில், ஒரு கையால் கொட்டாங்கச்சியும் ஒரு கையால் அவர் நெற்றியும் பிடித்துக்கொண்டேன். அத்தை யாரையும் கேட்காமல் பின்னால் ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே ஏறிக்கொண்டாள். இறங்கும்போது சேலை முழுக்க ஈரம், குளிரில் பல் கிட்டித்துப் போயிருந்தது.

அதே டாக்டர் இருந்தார். "என்ன சாப்பிட்டார்?" என்று கேட்டார். அத்தை தரையைப் பார்த்தாள். நான் சொன்னேன். முள்ளுக்கு நாங்கள் செய்வதை, குழந்தையிலிருந்து செய்வதை, எதற்காகச் செய்வோம் என்பதை, எல்லாம் சொன்னேன். அவர் சிரிப்பார், அல்லது திட்டுவார் என்று நினைத்தேன். அவர் இரண்டையும் செய்யவில்லை.

"கெட்டியா எதுவும் தராதீங்கன்னு எல்லார்கிட்டயும் சொல்றேன்" என்றார். "மாட்டிக்கிட்டா மேல ஒரு உருண்டை தராதீங்கன்னு இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்ல. அப்படி ஒண்ணு இருக்குன்னே எனக்குத் தெரியாது."

விளக்குக் குழலை மறுபடி உள்ளே விட்டு, இடுக்கியால் சோற்றைத் துண்டு துண்டாக எடுத்தார்கள். குழாய் நகரவில்லை. மறுநாள் நைனா மறுபடி டீ குடித்தார். இந்த முறை, "எறங்குது" என்று அத்தையைப் பார்த்துச் சொன்னார். அவள் வார்டுக்குள்ளேயே நின்றுகொண்டிருந்தாள். வாசலைத் தாண்டி வந்திருப்பது அவளுக்கே தெரியவில்லை.

அதன் பிறகு தென்றல் தொடங்கும் காலம் வரை நைனா இருந்தார். நோய் அதன் வழியில் போனது. மெலிந்தார், பேச்சு குறைந்தது. ஆனால் கடைசி நாள் காலையில்கூட அரை டம்ளர் மீன் சாறு, தன் வாயால், தன் கையால் பிடித்துக் குடித்தார். சோடா வேண்டாம் என்று தலையசைத்தார்.

வாசலில் கிடத்தி, வாய்க்கரிசி போட எல்லாரும் வரிசையாக வந்தார்கள். எந்த விசேஷத்துக்கும் இவ்வளவு பேர் எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை. அத்தையின் முறை வந்தது. கையில் அரிசியோடு குனிந்தவள் நிமிர்ந்து என்னைத் தேடினாள். அந்தக் குரலில் அவ்வளவு மெதுவாக ஒரு வார்த்தை வரும் என்று எனக்குத் தெரியாது.

"போடலாமாடி?"

"போடு அத்த" என்றேன்.

போட்டாள். அதற்குப் பிறகுதான் அழுதாள்.

கருமாதி முடிந்து கூட்டம் கலைந்ததும் வீட்டில் நானும் செங்கல் வைத்த கட்டிலும் மட்டும் இருந்தோம். செங்கல்லை எடுக்க மனம் வரவில்லை. வெயிலில் வெற்றுக் கரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, அந்த டாக்டர் சொன்னது திரும்பத் திரும்ப வந்தது. அவருக்குக் குழாய் தெரியும், உருண்டை தெரியாது. அத்தைக்கு உருண்டை தெரியும், குழாய் தெரியாது. இரண்டும் தெரிந்தவளாக அந்தக் கரையில் நான் ஒருத்திதான் இருந்தேன். குப்பத்திலேயே உட்கார்ந்திருந்தால் அது எதற்கும் உதவாது.

இதை எழுதுவது செங்கல்பட்டில், நர்ஸ் பயிற்சிப் பெண்கள் தங்கும் விடுதியில். சேர்ந்து சில மாதங்கள் ஆகின்றன. அறையில் இருக்கும் மற்றப் பெண்கள் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போய்விடுவார்கள். நான் போவதில்லை. ரயில் சத்தத்தோடு தூங்கக் கற்றுக்கொண்டுவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். அத்தை ஒரு முறை வந்தாள், கருவாடு கொண்டுவந்து கொடுத்தாள். என் வெள்ளைச் சேலையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "அழுக்காவும்டி" என்று மட்டும் சொன்னாள்.

நேற்று வார்டில் குழாய் வைத்திருந்த ஒருவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். கோவளம் பக்கத்துக் கடலோர ஆள். டாக்டர் சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லி முடித்தார். அவர்கள் துணிமூட்டையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியபோது, பெரிய நர்ஸிடம் கேட்டுக்கொண்டு, அந்த ஆளின் மனைவியை நடைக்கு அழைத்துப் போனேன். ஒரு தூணருகே உட்கார வைத்தேன். அந்த ஆளும் பின்னாலேயே வந்து நின்றார்.

"யக்கா, எதனா நின்னுட்சின்னா சோத்து உருண்ட மட்டும் குடுக்காத. சோடா குடு. அப்பவும் எறங்கலன்னா இங்க கூட்டிகினு வந்துடு."

அந்தப் பெண் என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு தன் கணவனைப் பார்த்து, "அதக் கேட்டியா? நீதான நேத்தே உருண்ட குடுன்னு சொன்ன!" என்றாள்.